பூட்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறி

அத்தியாயம் 11

உள்ளங்கை அகலம்கூட இல்லாத சீட்டு. காலையில் கையில் சிக்கியதிலிருந்து மாயா அதை நாலு தடவை படித்துவிட்டாள்.

'தங்கள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்துள்ளது. வீட்டில் ஆள் இல்லை. ஏழு நாட்களுக்குள் தபால் நிலையத்தில் பெற்றுக்கொள்ளவும்.' கீழே போன செவ்வாய்க்கிழமைத் தேதி.

இன்று செவ்வாய்.

ஏழு நாளும் இந்தச் சீட்டு எங்கே இருந்தது? சுவரில் மாட்டியிருந்த பாபாசாகேப் படத்துக்குப் பின்னால். சனிக்கிழமை அவர் ஜெயந்தி வருகிறதே, கண்ணாடியைத் துடைத்து வைப்போம் என்று படத்தைக் கழற்றினாள். சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. படத்தைத் துடைத்து, பழையபடி ஆணியில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டு தானாக நடந்துபோய் ஒளிந்துகொள்ளாது. யாரோ வைத்திருக்கிறார்கள். மாத்தூரில் இந்த இரண்டாம் மாடி வீட்டில் பெரியவர்கள் என்று இருப்பதே மூன்று பேர். மாயா, அவள் புருஷன் பாரி, பாரியின் அக்கா சொக்கம்மாள்.

மாயாவுக்குச் சந்தேகமே இல்லை. சொக்கம்மாள் அண்ணிதான்.

குமாஸ்தா வேலைக்கு எழுதிய பரீட்சையில் மாயா பாஸ் என்று தெரிந்த அன்றே அண்ணி ஆரம்பித்துவிட்டாள். "நீ ஆபீசுக்கு போய்க்கினா இந்தப் புள்ளைய இன்னா பண்றது? கொடுங்கையூர் குப்ப மேட்டுக்கு என்கூட லாரில ஏத்திகினு போவட்டா?" மாயா விடவில்லை. "நான் பி.காம். படிச்சது உங்க வூட்ல புளி கரைக்கறதுக்கா?" என்று கேட்டாள். மூன்று வாரமாக இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. 'மதி, ஒங்கம்மாகிட்ட சொல்லு', 'மதி, ஒங்கத்தைகிட்ட சொல்லு' என்று இரண்டரை வயதுப் பிள்ளைதான் நடுவில் தந்தி ஆபீஸ்.

பாரி இதில் வாயே திறக்கவில்லை. ஹார்பரில் கன்டெய்னருக்குச் சங்கிலி மாட்டுகிற கான்ட்ராக்ட் வேலை. சேக்காளிகளிடம் "எம் பொண்டாட்டி டிகிரி மாமு" என்று சொல்லிக்கொள்கிற ஆள். அவனை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

மணி பத்து இருபது.

திரும்பப் போகிற தபாலையெல்லாம் பதினொன்றரைக்கு அனுப்பிவிடுவார்கள். எதிர்வீட்டு ஜெரினாவின் புருஷனுக்கு வந்த பாஸ்போர்ட் அப்படித்தான் திரும்பிப் போயிற்று. அதைத் திரும்ப வாங்க அவன் ஆறு மாதம் அலைந்தான். மாயாவின் கவர் திரும்பிப் போனால் அலைவதற்கு எதுவும் இல்லை. அடுத்த பேரைக் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான்.

கட்டிலில் மதி தூங்கிக்கொண்டிருந்தான்.

இரவு முழுக்க ஜுரம். நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு, விடியற்காலையில்தான் அழுகை ஓய்ந்தது. ஒன்பதே முக்காலுக்கு மருந்து கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டு, அசந்து தூங்குகிறான். இந்தப் பங்குனி வெயிலில் இவனைத் தோளில் போட்டுக்கொண்டு போவதா? பன்னிரண்டு நிமிஷ நடை. போன தடவை ஜுரத்தில் வெயிலில் தூக்கிப் போனபோது கண் மேலே செருகி வெட்டு வந்ததே, மறந்துபோயிற்றா?

யாரிடம் விடுவது? ஜெரினா தங்கச்சியின் பிரசவத்துக்காக ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கீழ்வீட்டாரோடு தண்ணி மோட்டார் சண்டைக்குப் பிறகு பேச்சில்லை. அண்ணி ஷிப்டு முடிந்து வர மதியம் ஒரு மணி ஆகும். பாரி வர ராத்திரி ஆகும்.

வேறு யார் கதவையாவது தட்டி, 'கொஞ்சம் பாத்துக்கங்க' என்று சொல்லலாம்தான். சொன்னால் சாயங்காலத்துக்குள் அண்ணி காதுக்குப் போய்விடும். 'ஜுரத்துல கெடக்கற புள்ளைய வுட்டுட்டு வேலைக்கு பறந்தாளாமே!' அந்தப் பேச்சைக் கேட்க மாயா தயாராக இல்லை.

போக பன்னிரண்டு. வர பன்னிரண்டு. அங்கே ஐந்து. ஓடினால் அரை மணிகூட ஆகாது.

மருந்து கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டான். இதுவரை அசைந்ததில்லை.

எழுந்தாள். கேஸ் சிலிண்டரை மூடினாள். தீப்பெட்டியையும் அரிவாள்மனையையும் பரண்மேல் போட்டாள். பாத்ரூம் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. ஆனாலும் கொட்டினாள். டிரம்மை மூடி அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் தலையணை, கீழே கோரைப்பாய். பால்கனிக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள். செய்யச் செய்யப் பயம் குறையவில்லை, கூடியது. எத்தனை விதமாக ஒரு பிள்ளை சாகலாம் என்று இந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறை அவளுக்கு வரிசையாகக் காட்டிக்கொண்டே இருந்தது.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். வயிறு ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது.

பித்தளைப் பூட்டு. போன மாதம் கீழே தண்ணி மோட்டாரைத் திருடன் கழற்றிக்கொண்டு போன பிறகு பாரி வாங்கி வந்தது. மூன்று சாவி, ஆளுக்கு ஒன்று. 'க்ளக்' என்று பூட்டு விழுந்த சத்தம் அவள் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

இறங்கும்போது படிக்கட்டுச் சுவரில் அவள் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவை.' ஓரமெல்லாம் வெற்றிலை எச்சில். அதைப் பார்க்காமலே இறங்கி ஓடினாள்.

*

தபால் நிலையத்தில் அவளுக்கு முன்னால் ஓர் அம்மாள், துபாயில் இருக்கிற மகனுக்கு முறுக்குப் பார்சல் அனுப்ப வந்திருந்தாள். துணி உறையில் தையல் விட்டிருக்கிறது என்று சொல்லி, கவுண்டரில் இருந்த வேதமாணிக்கம் ஊசியும் நூலும் கொடுத்து அங்கேயே தைக்கச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் வாயில் வைத்து வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள். மாயா பிடுங்கிக் கோத்துக் கொடுத்தாள். பிறகு தானே தைத்தும் கொடுத்தாள்.

மணி பத்து ஐம்பத்தைந்து.

"சார், இந்தச் சீட்டு."

வேதமாணிக்கம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "கோ. மாயா. நீதானா அது? ஏழு நாளா இந்தக் கவர் இங்க குடித்தனம் பண்ணுது. வாடகை கேக்கலாம்னு இருந்தேன்."

"சீட்டு இன்னைக்குதான் சார் கைக்கு வந்துச்சு."

"போட்டது போன செவ்வாக்கெழம."

"தெரியும் சார். சீக்கிரம் குடுங்க."

"கட்டுல போட்டுக் கட்டிட்டேனேம்மா. பிரிக்கணும். ரேஷன் கார்டு கொண்டாந்தியா?" அவர் எழுந்து, டீ டம்ளரைக் கையில் எடுத்து, அதை எங்கே வைப்பது என்று யோசித்து, மறுபடி அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார். மாயா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் அவளை வேண்டுமென்றே பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஏம்மா இப்படி நெளியற? அடுப்புல எதுனா வச்சிட்டு வந்தியா?"

"ஆமா சார்."

பொய். 

கார்டைக் காட்டினாள், கையெழுத்துப் போட்டாள். தேதி போடச் சொன்னார், போட்டாள். நீளமான பழுப்புக் கவர், அரசு முத்திரை. அதைப் பிரிக்கவில்லை. நாலாக மடிக்கவும் மனசில்லை. அப்படியே இடுப்பில் செருகி முந்தானையை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அப்போதுதான் சைரன் ஊதியது.

இந்தப் பக்கத்தில் சைரன் யாருக்கும் புதிதில்லை. காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. ஷிப்டு சைரனைக் கேட்டுத்தான் பெண்கள் அரிசி ஊறப்போடுவார்கள். பதினொன்றே காலுக்கு எந்தக் கம்பெனியிலும் ஷிப்டு மாறுவதில்லை. அதுவும் விட்டு விட்டு ஊதவில்லை. மூச்சே விடாமல் ஊதியது.

சாலையில் சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்றார்கள். மீன் கூடையோடு போன ஒருத்தி மூக்கைத் தூக்கினாள். அழுகிய முட்டை வாடை என்றால் இங்கே யாரும் தலை நிமிரமாட்டார்கள், அது தினப்படி. இது வேறு. பத்து வருஷமாகக் கழுவாத மூத்திரச் சந்தைக் காய்ச்சி ஆவியாக்கி மூக்குக்குள் ஊசியாக ஏற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

"காஸுடா! காஸு வுட்டுட்டானுங்க!"

யார் விட்டது, எந்தக் கம்பெனி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. பிறகு தெரிந்து மட்டும் என்ன கிழித்தார்கள்? கடற்காற்று கிழக்கேயிருந்து எழும்பி வருகிற நேரம். கம்பெனிகளுக்கு மேற்கே மாத்தூர். காற்றுக்கு நேராக மாத்தூர்.

மாயாவுக்குக் கால் வரவில்லை. ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடியில் படிக்கட்டுச் சுவரிலிருந்த அவளுடைய கையெழுத்து வரி வரியாகக் கண் முன்னால் வந்து நின்றது.

போன ஐப்பசியில் இதே மாதிரி ஒருநாள் வாடை வந்து நாலு பேர் மயங்கி விழுந்த பிறகு குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். யார் வீடு வீடாகப் பார்ப்பது, எப்படிக் கணக்கு வைப்பது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். 'படிச்ச பொண்ணு நீ எழுதும்மா' என்றார் சங்கச் செயலாளர் உச்சிமாகாளி. மாயா எழுதினாள். பெருமையாக இருந்தது. கலர் பேனாவில் கோடு போட்டு எழுதினாள்.

ஒன்று: விசில் சத்தம் கேட்டதும் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறவும். இரண்டு: காற்று வீசும் திசையில் ஓடக் கூடாது, குறுக்கே ஓடவும். மூன்று: ஆட்கள் வெளியேறிய வீட்டுக் கதவில் சாக்பீஸால் டிக் குறி போடவும்.

நான்கு: பூட்டியிருக்கும் வீட்டில் ஆள் இல்லை. தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்லவும்.

அவளே எழுதியது.

*

ஓடினாள். ஊர் முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கியவர்கள், டிவிப் பெட்டியைத் தூக்கியவன், முகத்தில் ஈரத் துண்டு கட்டிய பெண்கள். அவர்களுக்கு எதிராக ஓடுவது அலைக்கு எதிராக நீந்துகிற மாதிரி இருந்தது. செருப்பு ஒன்று போயிற்று. இன்னொன்றை அவளே உதறினாள்.

"எங்கமே போற? காஸு அங்கதான் கீது! ரிவர்ஸ் அடி!"

"புள்ள... எம் புள்ள..."

"அல்லாரையும் தொரத்தியாச்சுமே! ஏரிக்கரைல கீறாங்க, போய்ப் பாரு!"

எல்லாரையும் வெளியேற்றியாயிற்று. பூட்டாத வீட்டு எல்லாரையும்.

கண் எரிந்தது. தண்ணீர் தாரையாக ஊற்றியது. மதி இப்போது எழுந்திருப்பானா? எழுந்தால் 'ம்மா' என்பான். பதில் வராவிட்டால் கட்டிலைவிட்டுத் தலைகீழாகச் சறுக்கி இறங்குவான், அது அவனுக்குத் தெரியும். எழுந்திருக்காவிட்டால்? அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை.

குடியிருப்பு முனையில் உச்சிமாகாளி வந்துகொண்டிருந்தார். ரிடையரான மனுஷர், திருநெல்வேலிப் பக்கம். கழுத்தில் விசில், கையில் சாக்பீஸ், முகத்தில் ஈரத் துண்டு. மாயாவைக் கண்டதும் துண்டை இறக்கினார்.

"நீ எங்கம்மா இந்தப் பக்கம் வாரே? நம்ம பிளாக் முடிஞ்சுது. நாப்பத்தெட்டு வீடு. முப்பத்தொம்பது டிக்கு, ஒம்பது பெருக்கல். நீ எழுதிக் குடுத்தியே, அச்சு பிசகாம அப்படியே செஞ்சோம். பத்தே நிமிசம்!"

"எங்க வூடு சார்?"

"உங்க வீடு பெருக்கல்தாம்மா. பூட்டிக் கெடந்துச்சுல்லா?"

"தட்டினீங்களா? உள்ள அழற சத்தம்... எதுனா..."

"பூட்டுன வீட்ட யாரு தட்டுவா?"

"உள்ள புள்ள கீது சார்! நான்தான் பூட்டினேன்! தூங்கறான்னு பூட்டினேன்!"

சாக்பீஸ் அவர் கையிலிருந்து விழுந்தது. தன் முகத்துத் துண்டை உருவி அவள் முகத்தில் அழுத்தினார். "ஓடு" என்றார். தானும் பின்னாலேயே வந்தார். பாதிப் படியில் அவர் இருமி உட்கார்ந்துவிட்டது அவளுக்குக் கேட்டது. திரும்பவில்லை.

இரண்டாம் மாடி. நாலு கதவு. இரண்டில் டிக், ஜெரினாவின் கதவில் பெருக்கல். நாலாவதில், பச்சைப் பெயின்ட் கதவில், வெள்ளையாக இன்னொரு பெருக்கல் குறி. பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவள் விட்டுப் போன மாதிரியே.

"மதி! டேய் மதிக்கண்ணு! அம்மா வந்துட்டேன்டா!"

உள்ளே சத்தமே இல்லை.

சாவி துவாரத்தில் போகவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தாள். திருப்பினாள், கை நழுவி விழுந்தது. பொறுக்கினாள். இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். பூட்டு திறந்தது.

கட்டில் காலி.

தலையணை இரண்டும் அப்படியே இருந்தன. நடுவில் பிள்ளை படுத்திருந்த பள்ளம். போர்வை இல்லை.

கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். பாத்ரூம். பீரோவுக்குப் பின்னால். அடுக்களையில் டிரம். மூடிமேல் அம்மிக்கல் வைத்தபடி இருந்தது. இருந்தாலும் கல்லைத் தள்ளி, மூடியைத் திறந்து, கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினாள். தண்ணீர்தான். பால்கனி, மேல் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஜன்னலுக்குக் கம்பி. பூட்டு உடையவில்லை. பூட்டின வீட்டுக்குள்ளேயிருந்து பிள்ளை எங்கே போகும்?

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஆணி மொட்டையாக இருந்தது. காலையில் துடைத்து மாட்டிய படம் கீழே இறங்கி, சுவரோரம் சாய்ந்திருந்தது. முகம் சுவரைப் பார்த்தபடி. பின்பக்க அட்டையின் ஆணிகள் நெம்பப்பட்டிருந்தன.

யாரோ வந்திருக்கிறார்கள். சாவி உள்ள யாரோ. வந்து, அந்தச் சீட்டைத் தேடியிருக்கிறார்கள். போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காஸு வந்தாலும் திருடன் வருவான் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அண்ணி! எம் பிள்ளை அண்ணியிடம் இருக்கிறான்!

வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியின் காலைப் பிடிக்கலாம் போல இருந்தது மாயாவுக்கு.

*

ஏரிக்கரையில் பாதி மாத்தூர் உட்கார்ந்திருந்தது. இருமல், வாந்தி, மண்ணில் படுத்துக் கிடந்த கிழவர்கள். ஒரு டாக்டர் வந்து உச்சிமாகாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைரன் நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் அடைத்துவிட்டார்களாம் என்று ஒருவன் சொன்னான், இல்லையாம் என்று இன்னொருவன் சொன்னான்.

சாலையிலிருந்து மாநகராட்சிக் குப்பை லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. வாடைக்கு ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். காஸுக்குத் தப்பி ஓடி வந்தவர்களுக்குக் குப்பை நாற்றம் ஆகவில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, காக்கிக் கோட்டோடு குதித்தாள் சொக்கம்மாள்.

"மதி எங்கடி?"

மூன்று வாரத்துக்குப் பிறகு நேராகக் கேட்ட முதல் கேள்வி.

அண்ணியின் இரண்டு கையும் வெறுங்கை. "உங்ககிட்ட... நீங்க வூட்டுக்கு வரல?"

"இன்னாடி உளர்ற? குப்ப யார்டுல மைக்குல சொன்னானுங்க. டிரைவர மெரட்டி வண்டிய இட்டாந்தேன். புள்ள எங்கடி?"

"நான்... பூட்டிட்டு..."

"அக்கா!"

கூட்டத்துக்குப் பின்னால், அரச மரத்தடியில் பாரி நின்றுகொண்டிருந்தான். ஹார்பர் சட்டை, கழுத்தில் பாஸ். தோளில் போர்வைக்குள் மதி.

மாயா எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையைப் பிடுங்கினாள். சூடு, நல்ல சூடு. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. மூச்சு வருகிறதா? வருகிறது. மதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"கொரலு போச்சு" என்றான் பாரி. "நான் கதவ தொறக்கசொல்ல கதவாண்ட ஒக்காந்துகினு கீறான். நகத்தால கதவ சொரண்டிகினு கீறான்மே! எம்மா நேரமா அழுதானோ! தொறந்து கொஞ்ச நேரத்துல சைரன் ஊதறான். நான் வரலன்னா? சொல்லு, நான் வரலன்னா? ஒரு பெத்த தாயி செய்யற வேலையா இது?"

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். "பூட்டிட்டா போனா? புள்ளய வச்சா?" "படிச்சதுதான், இன்னா ப்ரயோஜனம்?" ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், மாயா அதையும் பூட்டிவிடுவாள் போல.

மாயா மதியின் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட்.

இன்னும் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"ஏய், அடங்குங்கடி!" சொக்கம்மாள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு நாளும் புள்ளய வுட்டுட்டு போவாதவ யாருடி இங்க? கையத் தூக்கு பாக்கலாம். இதோ நிக்கறானே எந்தம்பி, இவன தூளில கட்டிப் போட்டு, வெளில தாப்பா போட்டுட்டுத்தான் எங்காத்தாவும் நானும் வெடிகாலைல பெருக்கப் போவோம். செத்தா பூட்டான்?" பிறகு மாயாவின் பக்கம் திரும்பிக் குரலை இறக்கினாள். அதுதான் சுட்டது. "ஆனா பக்கத்து வூட்ல ஒரு வார்த்த சொல்லிட்டு போவோம்டி. சொன்னா வாயி தேஞ்சா பூடும்? எனக்கு பயந்துகினுதானே சொல்லல?"

மாயா தலையாட்டினாள்.

"பேஜாருடி உன்னோட" என்று சொல்லிவிட்டு அண்ணி கோட்டுப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் கட்டியிருந்த துணித்துண்டை ஏரித் தண்ணீரில் நனைத்து மதியின் கண்ணைத் துடைத்தாள். கொத்தில் பித்தளைச் சாவி ஆடியது. அண்ணியின் சாவி காலையிலிருந்து கொடுங்கையூரில்தான் இருந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது ஒரே சாவி; மாயா பாரியின் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்யா பதினோரு மணிக்கு வூட்டுக்கு வந்தே?"

பாரி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பின்ன? நல்லவேளயா வந்தேன். வரலன்னா..."

"வந்ததுக்கு உன் கால்ல வேணா வுழறேன். ஏன் வந்தே?"

"தலைவலி. லீவு சொல்லிட்டு..."

"தலைவலிக்கு படத்த ஏன் கீழ எறக்கின?"

பாரி அக்காவைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான்.

"எந்தப் படம்?"

"நம்ம வூட்ல எத்தினி படம் கீது?"

சொக்கம்மாளின் கை நின்றது. "இன்னாடா? படத்துக்குப் பின்னால இன்னா கீது?"

"குடுக்கத்தான் வந்தேன் மாயா." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "சத்தியமா. இன்னைக்குதான் கடசி நாளுன்னு தெரியும். எடுத்து உன் கைல குடுக்கலாம்னுதான்..."

"குடுக்கவா, கிழிக்கவா?"

அவன் கழுத்துப் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாயா காத்திருந்தாள். கிழிக்க வந்தேன் என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

இந்த மனுஷன் ஒளித்துவைக்காமல் இருந்திருந்தால் அவள் பிள்ளையைப் பூட்டியிருக்க மாட்டாள். இந்த மனுஷன் ஒளித்ததைத் தேடி வராமல் இருந்திருந்தால் பிள்ளை இந்நேரம் பெருக்கல் குறிக்குப் பின்னால் கிடந்திருப்பான். எதற்கு அவனை அறைவது, எதற்கு அவனைக் கும்பிடுவது?

இடுப்பிலிருந்து கவரை எடுத்தாள். வியர்வையில் ஒரு மூலை ஊறியிருந்தது. ஒரு கையில் பிள்ளை, பிரிக்க முடியவில்லை. அண்ணியிடம் நீட்டினாள்.

"எனக்கு இன்னாடி படிக்கத் தெரியும்?"

"பிரிச்சு மட்டும் குடுங்க அண்ணி."

சொக்கம்மாள் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உள்ளே ஒரே ஒரு தாள். மாயா தேதியை மட்டும் தேடினாள்.

"வியாழக்கெழம காலைல பத்து மணி. சர்டிபிகேட்டோட வரணும்."

மூன்று பேருக்கும் ஒரே கணக்குதான் ஓடியது, அன்றைக்கு மதியை யார் பார்ப்பது என்று. ஜெரினா வியாழக்கிழமைக்குள் வரமாட்டாள்.

"எனக்கு அன்னைக்கி மொத ஷிப்டு" என்றாள் சொக்கம்மாள் மெதுவாக. "லீவு கேட்டா பேரையே அடிச்சுடுவான்."

"நான் பாத்துக்கறேன்" என்றான் பாரி. "வேலைக்கு போவல. நீ போய்ட்டு வா மாயா. நான் புள்ளய பாத்துகினு வூட்லயே கீறேன்."

இன்றைக்குப் பிள்ளையைக் காப்பாற்றியவன் அவன்தான். அவனைவிட்டால் வேறு யாரும் இல்லை. ஆனால் ஏழு நாள் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, சுவரில் இருக்கிற படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தவனும் அவன்தான். வியாழக்கிழமை காலை அவள் கிளம்புகிற நேரத்துக்கு வெளியே போய்விட்டு, அவன் திரும்பி வராமலே இருந்தால்?

மறுபடியும் அந்தக் கதவு. மறுபடியும் அந்தப் பூட்டு.

மதி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பெயின்ட் படிந்த விரலால் அவள் தாலிக்கயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

மாயா வலது கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"எந்தச் சாவி?"

"வூட்டுச் சாவி. உன்னது. எனக்குத் தெரியாம அந்தக் கதவ இனிமே நீ தொறக்க வேணாம்."

பாரி சட்டைப் பையில் கையை விட்டான். எடுத்தான். கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, விரல்களை மூடிக்கொண்டான்.